ஜோ பை என்று ஒருவர் இருந்தார்!

மாலை நேரம். பூக்காரி வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குரல் கொடுக்கிறாள். இரண்டு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போகிறீர்கள். அந்தப் பூவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

சில பெயர்களின் அர்த்தம் கண்ணெதிரேயே இருக்கிறது. அந்தி வேளையில் மலர்கிறது; அதனால் அந்திமந்தாரை. நாள் தவறாமல் பூக்கிறது, அதனால் நித்தியகல்யாணி. குளிர் வந்ததும் வேலியெல்லாம் பூத்துக் குலுங்குகிறது. டிசம்பர் பூ என்று சொல்லிவிட்டோம்.

ஆனால் ஒரு மனிதரின் பெயரையே பூவுக்கு வைத்தால்? அதுவும் ராஜாவோ பண்டிதரோ அல்ல. நம் தெருக்கோடி கோவிந்தசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கோவிந்தசாமிப் பூண்டு' என்று ஒரு செடியை இருநூறு வருஷமாக ஊரார் அழைத்து வருகிறார்கள். கோவிந்தசாமி யார் என்பது மட்டும் அத்தனை பேருக்கும் மறந்து போயிற்று என்றால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் அப்படி ஒரு பூ உண்டு. அதன் பெயர் 'ஜோ-பை வீட்'. வீட் என்றால் களை. ஆக, ஜோ பையின் களை! 'பை' என்றதும் உங்கள் கைப்பையை நினைத்துவிடாதீர்கள். அது ஒரு மனிதரின் பெயர். 'அப்படி ஒரு மனிதர் இருந்ததே இல்லை' என்று படித்தவர்கள் வெகு காலம் சாதித்தார்கள். அந்த வழக்கில் தீர்ப்பு கிடைக்க 2017-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஆள் உயரச் செடி

முதலில் பூவைப் பார்த்துவிடுவோம். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஈரம் கசியும் புல்வெளிகள், ஓடைக் கரைகள், சாலையோரப் பள்ளங்கள் எங்கும் இதைக் காணலாம். ஆள் உயரத்துக்கு, சில இடங்களில் அதற்கும் மேலே, நெட்டையாக வளர்ந்து நிற்கும். இலைகள் தண்டைச் சுற்றி மூன்று, நான்கு, ஐந்து என்று வட்டமாக, சக்கரத்தின் ஆரக்கால்கள் போல அமைந்திருக்கும். ஒரு தட்டு விட்டு மேலே இன்னொரு தட்டு. அதற்கு மேலே மற்றொன்று.

கோடையின் பிற்பகுதியில், ஜூலை முதல் செப்டம்பர் வரை, உச்சியில் பூ வரும். ரோஜா வர்ணமும் ஊதாவும் கலந்த சிறு சிறு பூக்கள் திரண்டு, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குப் புல்வெளியின் மேல் ஒரு மேகம் தங்கியிருப்பது போலத் தோன்றும். வண்ணத்துப்பூச்சிகள் மொய்த்துக்கொண்டே இருக்கும். நம் சாமந்தி, சூரியகாந்தி எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம்தான் இதுவும். ஒரு வகையில் இலையைக் கசக்கினால் ஐஸ்கிரீமில் வருமே, வெனிலா, அந்த வாசனை அடிக்கும்.

இத்தனை லட்சணம் இருந்தும் இதைக் களை என்றுதான் சொன்னார்கள். உழவர் விதைக்காமல் தானாக முளைத்தது எதுவானாலும் களைதானே! ஆனால் வைத்தியம் தெரிந்தவர்கள் இதை வேறு பெயர்களாலும் அழைத்தார்கள். இதன் வேர் சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்ற நம்பிக்கையால் 'கல் வேர்' என்றார்கள். அழகை ரசித்தவர்கள் 'புல்வெளியின் மகாராணி' என்றார்கள். மகாராணிப் பட்டத்தைக் காட்டிலும் ஜோ பையின் பெயர்தான் நிலைத்தது.

காய்ச்சல் தீர்த்த வைத்தியர்

யார் இந்த ஜோ பை? பூச்செடிகளைப் பற்றிய புத்தகங்களில் ஒரு கதை திரும்பத் திரும்ப வரும். வெள்ளைக்காரர்கள் மாசசூசெட்ஸில் குடியேறியிருந்த காலம். ஊரில் விஷக் காய்ச்சல் பரவிற்று. டைபஸ் என்ற பொல்லாத ஜுரம். சீமை மருந்து எதற்கும் அது அடங்கவில்லை. அப்போது அந்த மண்ணின் ஆதிக்குடியைச் சேர்ந்த ஜோ பை என்ற வைத்தியர் இந்தச் செடியைக் கஷாயமாக்கிக் கொடுத்தாராம். நோயாளிக்கு வேர்த்துக் கொட்டிற்றாம், ஜுரம் விட்டதாம். நன்றி மறவாத ஜனங்கள் செடிக்கு அவர் பெயரையே சூட்டினார்களாம்.

நல்ல கதைதான். ஆனால் சொல்கிறவர்கள் ஒரே மாதிரி சொல்வதில்லை. ஒருவர் சேலம் என்ற ஊரில் நடந்தது என்பார். (நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் மாகாணத்திலும் ஒரு சேலம் உண்டு.) வேறொருவர் இடத்தை மாற்றுவார். இன்னொருவர் காலத்தை நூறு வருஷம் முன்னே தள்ளுவார். டைபஸ் என்பவரும் டைபாய்டு என்பவருமாக நோயின் பெயரும் மாறும். இரண்டும் ஒன்றல்ல. டைபாய்டு அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருவது. டைபஸைப் பரப்புவது உடம்பில் ஒட்டும் பேன் என்பதை 1909-ல் சார்லஸ் நிக்கோல் என்ற பிரெஞ்சு டாக்டர் கண்டுபிடித்தார். அதற்காக 1928-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சாட்சிகள் ஆளுக்கொன்று சொன்னால் நீதிபதிக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்? அறிஞர்களுக்கும் சந்தேகம் வந்தது. 'ஜோ பையாவது, வைத்தியராவது! எல்லாம் கட்டுக்கதை' என்றார்கள் சிலர். இன்னும் சிலர் ஒரு புது விளக்கமே கண்டுபிடித்தார்கள். ஆதிக்குடிகளின் பாஷையில் டைபாய்டு ஜுரத்துக்கு 'ஜோபை' போல ஒலிக்கும் ஒரு சொல் உண்டாம். அதைக் காதில் வாங்கிய வெள்ளைக்காரர்கள் ஆள் பெயர் என்று எண்ணிவிட்டார்களாம். அவ்வளவுதான், முடிந்தது கதை. மனிதரே மறைந்து, ஜுரம் மட்டும் மிஞ்சியது!

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். உங்கள் வீட்டு வாசலில் காகிதப்பூ படர்ந்திருக்கலாம். போகன்வில்லா என்று சொல்கிறோமே, அது போகன்வில் என்ற பிரெஞ்சுக் கடற்பயணியின் பெயர். தொட்டியில் டேலியா வைத்திருக்கலாம். அது ஆண்டர்ஸ் டால் என்ற ஸ்வீடன் தேசத்துத் தாவர அறிஞரின் பெயர். செடியோ மெக்ஸிகோவிலிருந்து வந்தது. இவர்கள் உண்மையில் இருந்தார்களா என்று எவரும் கேட்பதில்லை. காட்டுப் பூவுக்கு அந்தக் காட்டின் சொந்தக்காரர் ஒருவரின் பெயர் இருந்தால் மட்டும், 'அப்படி ஒருவர் இருந்தாரா?' என்ற கேள்வி எழுந்துவிடுகிறது!

சிறையில் பிறந்த பாடம்

சரி, இந்தப் பெயர் முதன்முதலில் எங்கே அச்சேறியது? அதற்கு ஆமோஸ் ஈட்டன் என்பவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய கதையே ஒரு தொடர்கதைக்குக் காணும்.

ஈட்டன் நியூயார்க் மாகாணத்தில் 1776-ல் பிறந்தவர். வக்கீல், நிலங்களை அளந்து விற்கும் தொழிலும் பார்த்தவர். நிலத் தகராறு ஒன்றில் அவர் மீது பொய்ப் பத்திரம் தயாரித்ததாகக் குற்றம் சாட்டினார்கள். ஆயுள் தண்டனை விதித்து 1811-ல் சிறையில் தள்ளிவிட்டார்கள். கம்பிகளுக்குள்ளே ஈட்டன் சும்மா இருக்கவில்லை. செடி கொடிகளைப் பற்றிய சாஸ்திரத்தை ஊன்றிப் படித்தார். சிறை நிர்வாகத்தில் வேலை பார்த்த ஒருவரின் மகன் அங்கே வருவான். அந்தப் பையனுக்கும் சொல்லிக் கொடுத்தார். அவன்தான் பிற்காலத்தில் அமெரிக்காவின் தலைசிறந்த தாவர அறிஞர்களில் ஒருவரான ஜான் டோரி!

மன்னிப்புக் கிடைத்து 1815-ல் வெளியே வந்த ஈட்டன், 1817-ல் மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ் கல்லூரியில் தாவர சாஸ்திரம் பற்றிச் சொற்பொழிவாற்றினார். மாணவர்களுக்குப் பயன்படும்படி ஒரு கைப்புத்தகமும் எழுதினார். அதன் 1818-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் 'ஜோ பையின் களை' என்ற பெயர் அச்சில் தலைகாட்டுகிறது.

பெண்களாகிய உங்களுக்கு இந்த மனிதரிடம் தனி அபிமானம் ஏற்பட இன்னொரு காரணமும் உண்டு. பெண்களுக்கு விஞ்ஞானம் எதற்கு என்று கேட்ட அந்தக் காலத்தில், ஈட்டன் பெண்களுக்கும் பாடம் சொன்னார். பின்னால் 1837-ல் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்வி நிலையத்தை நிறுவிய மேரி லயன் அவரிடம் படித்தவர். அல்மைரா ஃபெல்ப்ஸ் என்ற மாது அவரிடம் கற்றதை வைத்து 1829-ல் தாவர சாஸ்திரப் பாட நூல் ஒன்று வெளியிட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ பெண்கள் காட்டுப் பூக்களின் பெயர்களைக் கற்றார்கள்.

ஈட்டன் பாடம் சொன்ன வில்லியம்ஸ் கல்லூரி இருக்குமிடம் பெர்க்ஷயர் ஜில்லாவின் வட கோடி. அதே ஜில்லாவின் தெற்குப் பக்கத்தில் ஸ்டாக்பிரிட்ஜ் என்று ஓர் ஊர் இருக்கிறது. நாம் தேடும் ஆசாமி அந்த ஊர்க்காரர்தான்.

பாதிரியாரின் தினக்குறிப்பு

சாம்சன் ஆக்கம் என்று ஒரு பாதிரியார். 1723-ல் பிறந்து 1792-ல் இறந்தவர். அவரே ஆதிக்குடியைச் சேர்ந்தவர். மொகீகன் என்ற இனம். இங்கிலாந்து வரை சென்று பிரசங்கம் செய்து, பள்ளிக்கூடத்துக்குப் பணம் திரட்டி வந்தவர். ஊர் ஊராகப் பிரயாணம் செய்து, அன்றன்று நடந்ததைக் குறித்து வைக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. 1787-ஆம் வருஷத்துக் குறிப்பில் 'ஜோசப் பை' என்று ஒருவரின் பெயரை எழுதி, அதை ஒட்டியே அவருடைய சொந்தப் பாஷைப் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தச் சிறு வரி வெகு காலம் காகிதத்திலேயே கிடந்தது. ரிச்சர்ட் பியர்ஸ், ஜேம்ஸ் பிரிங்கிள் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பழைய காகிதங்களையும் தாவர நூல்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2017-ல் தங்கள் முடிவை ஒரு தாவர சாஸ்திரப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். ஜோ பை உண்மையில் இருந்தவர். ஜுரமும் அல்ல, கற்பனையும் அல்ல. அவருடைய பெயர் ஜோசப் ஷாக்வெத்குவியட். மோஹிகன் இனத்தின் தலைவர்களில் ஒருவர். 18-ஆம் நூற்றாண்டிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். முதலில் மாசசூசெட்ஸில் ஸ்டாக்பிரிட்ஜ்; பிறகு நியூயார்க் மாகாணத்தில் நியூ ஸ்டாக்பிரிட்ஜ். வெள்ளைக்காரர்களின் வாயில் அவருடைய பெயர் நுழையவில்லை. ஆகவே 'ஜோ பை' என்று சுருக்கிக்கொண்டார்கள்.

ஊர் ஊராக நகர்ந்த ஜனங்கள்

ஒரு மனிதருக்கு ஏன் இரண்டு ஊர்? அங்கேதான் இந்தப் பெயருக்குள் இருக்கும் துக்கம் வெளிப்படுகிறது.

மோஹிகன் மக்கள் ஹட்ஸன் நதிக் கரையில் வாழ்ந்தவர்கள். 'ஓயாது அசையும் நீரின் மக்கள்' என்பது அவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் பெயர். 1730-களில் பாதிரிமார்கள் ஸ்டாக்பிரிட்ஜில் அவர்களுக்காக ஒரு குடியிருப்பு ஏற்படுத்தினார்கள். நல்வழி காட்டுவதற்கென்று முதலில் சில வெள்ளைக்காரக் குடும்பங்களே வந்தன. பிறகு மேலும் மேலும் வந்தன. கடனுக்கு ஈடாக நிலம் போயிற்று. கடன் இல்லாமலும் போயிற்று.

அமெரிக்க சுதந்திரப் போர் மூண்டபோது ஸ்டாக்பிரிட்ஜ் வீரர்கள் வாஷிங்டன் கட்சியில் நின்று போரிட்டார்கள். 1778 ஆகஸ்ட் 31-ஆம் தேதி, இன்று நியூயார்க் நகரத்துக்குள் இருக்கும் பிராங்ஸ் பகுதியில் நடந்த சண்டையில் அவர்களில் பலர் மாண்டார்கள். சுதந்திரம் வந்தது. போரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சொந்த ஊரில் சொந்தமென்று சொல்ல நிலம் அநேகமாக இல்லை. 1780-களில் மூட்டை கட்டினார்கள். ஒனைடா இனத்தார் இடம் கொடுக்க, அங்கே எழுப்பிய குடியிருப்புக்குப் பழைய ஊரின் நினைவாக நியூ ஸ்டாக்பிரிட்ஜ் என்று பெயரிட்டார்கள்.

அங்கேயும் நிம்மதி இல்லை. 1818-ல் ஒரு கூட்டம் இண்டியானாவை நோக்கிப் புறப்பட்டது. போய்ச் சேர்ந்தபோது, அவர்கள் நம்பி வந்த நிலம் அதற்குள் அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டிருந்தது. ஈட்டனின் புத்தகத்தில் ஜோ பையின் பெயர் அச்சானதும் அதே 1818-ல்தான். பெயர் ஏட்டில் ஏறிய ஆண்டிலேயே, அந்தப் பெயருக்கு உரியவரின் ஜனங்கள் தங்க இடமின்றி நடந்துகொண்டிருந்தார்கள்.

1820-களில் அவர்கள் விஸ்கான்ஸின் சேர்ந்தார்கள். அங்கும் பல இடங்கள் மாறி, 1856-ல் ஓர் உடன்படிக்கையின்படி ஷவானோ ஜில்லாவில் நிலைபெற்றார்கள்.

'கடைசி' மோஹிகன்

இதற்கிடையில் 1826-ல் ஃபெனிமோர் கூப்பர் என்ற நாவலாசிரியர் ஒரு நாவல் வெளியிட்டார். 'மோஹிகன்களில் கடைசி மனிதன்' என்பது அதன் தலைப்பின் பொருள். மோஹிகன்களையும் மொகீகன்களையும் கூப்பர் ஒன்றாகக் கலந்துவிட்டார். உலகமெங்கும் அந்த நாவல் பரவிற்று. அந்த இனமே பூண்டோடு அழிந்துவிட்டது என்று படித்தவர்கள் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். அவர்கள் பெருமூச்சு விட்ட அதே சமயம், உண்மையான மோஹிகன்கள் விஸ்கான்ஸினில் அடுப்பு மூட்டிச் சமைத்துக் குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்தார்கள்!

இன்றும் இருக்கிறார்கள். ஸ்டாக்பிரிட்ஜ்-மன்ஸி சமூகம் என்பது அவர்களுடைய பெயர். சுமார் 1,500 பேர். 2021-ல் ஹட்ஸன் நதிக் கரையில் பாப்ஸ்கனீ தீவில் 156 ஏக்கர் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. முன்னோர்கள் வாழ்ந்த இடம் அது.

'கடைசி மனிதன்' என்று எழுதியது நாவல். 'இருந்ததே இல்லை' என்று சொன்னது படிப்பாளிகளின் சந்தேகம். இரண்டும் பொய்யாயின. பள்ளத்தில் முளைத்த களை மட்டும் ஜோ பையின் பெயரை விடாமல் வைத்துக்கொண்டிருந்தது.

ராஜா போனார், ஜோ பை நின்றார்

வேடிக்கை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1753-ல் இந்தச் செடிக்கு லத்தீனில் பெயர் வைத்தபோது 'யூபடோரியம்' குடும்பத்தில் சேர்த்தார். யூபடோர் என்பது பான்டஸ் தேசத்து மன்னர் மித்ரிடேட்டஸின் பட்டப் பெயர். கிறிஸ்து பிறப்பதற்கு முன் வாழ்ந்தவர். தமக்கு யாரும் விஷம் வைத்துவிடக்கூடாதென்று தினம் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் சாப்பிட்டுப் பழகியவராம். தோற்றுப்போய்த் தாமே விஷம் குடித்தபோது அது வேலை செய்யவில்லை என்பது கதை. அந்த ராஜாவின் பெயர் இரண்டரை நூற்றாண்டு செடியின் தலையில் கிரீடமாக இருந்தது.

பிறகு தாவர அறிஞர்கள் ஆராய்ந்து, இந்தச் செடி தனி இனம் என்று முடிவு கட்டினார்கள். 1838-ல் ரஃபினெஸ்க் என்பவர் வைத்த 'யூட்ரோகியம்' என்ற பெயரின் கீழே 2004-ல் இவ்வகைச் செடிகளைக் கொண்டுவந்தார்கள். அதில் சக்கரத்துக்கான கிரேக்கச் சொல் இருக்கிறது. இலை வட்டத்தைப் பார்த்து வைத்தது. ராஜா இறங்கிவிட்டார். ஜோ பை அப்படியே நிற்கிறார்.

ஒரு எச்சரிக்கை. கதையைப் படித்துவிட்டு, யாராவது வெளிநாட்டிலிருந்து இதன் வேரை வரவழைத்துக் கஷாயம் போடக் கிளம்ப வேண்டாம். கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இந்தச் செடியில் உண்டு. டைபஸுக்கும் டைபாய்டுக்கும் இன்று டாக்டரிடம் நல்ல மருந்து இருக்கிறது. ஜோ பைக்கு நாம் செய்யும் மரியாதை, அவரை நினைத்துக்கொள்வதோடு போதும்.

பெயர்கள் லேசானவை, ஊதினால் பறந்துவிடும். உங்கள் பாட்டி கொல்லைப்புறத்துச் செடிக்குச் சொல்லும் பெயர் உங்கள் பெண்ணுக்குத் தெரியுமா? அந்தப் பெயருக்குள் யாருடைய கதை ஒளிந்திருக்கிறதோ! இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது பாட்டியைக் கேளுங்கள். கேட்டதை மறக்காமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தப் பாதிரியார் எழுதி வைத்ததும் ஒரே ஒரு வரிதான்.